பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளிலிருந்து ஒரு பாப் ஆல்பம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த சாம்பிள்களை (ஒலித் துண்டுகளை) அடுக்கியே முழு ஆல்பம் ஒன்றை உருவாக்கலாம் என்பதற்கு 1996-இல் டிஜே ஷேடோ வெளியிட்ட ‘என்ட்ரொடியூசிங்’, 2000-இல் ஆஸ்திரேலியாவின் அவலாஞ்சஸ் குழு வெளியிட்ட ‘சின்ஸ் ஐ லெஃப்ட் யூ’ ஆகிய இரண்டும் நல்ல சான்றுகள். முன்னதற்கு அகாய் எம்பிசி60 போன்ற தனிக்கருவி தேவைப்பட்டது. இன்று ஒரு கணினியும் ரீப்பர், ஏபிள்டன் லைவ் போன்ற ஏதேனும் ஒரு மென்பொருளும் போதும். வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அறைகளில் பதிவான ஒலிகளை ஒரே சுருதியில் சேர்ப்பதுதான் உண்மையான வேலை என்பதால், இவ்விளக்கம் அந்தப் படியில் அதிக நேரம் நிற்கும்.

முதல் படி: தேர்வு

எட்டு அல்லது பத்து இசைத்தட்டுகளுக்கு மேல் எடுக்காதீர்கள். குறைந்த மூலங்களிலிருந்து நிறையத் துண்டுகள் எடுத்தால், ஒரே குழல், ஒரே பின்னணிக் குரல் பல பாடல்களில் உருமாறித் திரும்பி வந்து ஆல்பத்துக்கு ஒரு பொதுத்தன்மையைத் தரும். புகழ்பெற்ற பல்லவியைத் தேடாமல், ஒரு கருவி மட்டும் தனித்து ஒலிக்கும் இடங்களைத் தேடுங்கள்: முன்னிசை, சரணங்களுக்கு இடைப்பட்ட நொடிகள், பாட்டு தேய்ந்து மறையும் முடிவு. 1960-களின் ஸ்டீரியோ தட்டுகள் பலவற்றில் குரலை ஒரு பக்கமும் கருவிகளை மறுபக்கமும் ஒதுக்கியிருப்பார்கள். அத்தகைய தட்டில் ஒரு சேனலை மட்டும் எடுத்தாலே குரலற்ற இசை கிடைத்துவிடும்.

உரிமையையும் இப்போதே கவனியுங்கள். ஒரு தட்டில் இரண்டு உரிமைகள் உள்ளன: பாடலின் இயற்றத்துக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. வெளியிடும் எண்ணம் இருந்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். மிகச் சிறிய துண்டுக்கும் அனுமதி தேவையா என்பதில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களே 2005-இலும் 2016-இலும் எதிரெதிரான முடிவுகளை எடுத்துள்ளன. ஆகவே ‘இரண்டு நொடிதானே’ என்ற சமாதானத்தை நம்ப வேண்டாம். 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமையாகியுள்ளன. மற்ற நாடுகளின் கால வரம்பு வேறு. எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தட்டின் பெயர், நிறுவனம், பக்கம், எத்தனையாவது நிமிடம் என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டாம் படி: கணினிக்குள் கொண்டுவருதல்

தட்டு வெட்டப்படும்போது பாஸ் ஒலியைக் குறைத்தும் கூர் ஒலியைக் கூட்டியும் பதிவு செய்வார்கள். ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு பெருக்கிக் கருவி அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. அது இல்லாமல் நேரடியாகக் கணினியில் இணைத்தால் ஒலி மெலிந்து கீச்சென்று கேட்கும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளின் பள்ளம் அகலமானது என்பதால் அவற்றுக்குத் தனி ஊசி தேவை. 24 பிட்டில், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி பதிவு செய்யுங்கள். தட்டு மோனோவாக இருந்தால் இரண்டு சேனல்களையும் கூட்டி மோனோவாக்குங்கள். ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் பெருமளவு அதிலேயே நீங்கிவிடும்.

மூன்றாம் படி: வெட்டுதல்

அலைவடிவம் நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டி, இரு முனைகளிலும் சில மில்லிநொடி ஃபேட் (ஒலி மெல்ல ஏறுவதும் இறங்குவதும்) கொடுங்கள். இல்லையெனில் ஒவ்வொரு தொடக்கத்திலும் ‘டப்’ என்ற ஒலி கேட்கும். பழைய தட்டின் கரகரப்பு அழகுதான்; ஆனால் லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப, ஓடும் துண்டில் ஒரு கீறலின் ‘டிக்’ இருந்தால், அது சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் வந்து, தாளத்தில் நீங்கள் சேர்க்காத ஓர் அடியாகிவிடும். எனவே லூப்பில் உள்ள டிக் ஒலிகளை நீக்கிவிட்டு, பாட்டு தொடங்கும் முன் ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் பகுதியைத் தனியாக நீளமாகப் பதிந்து, பாடல் முழுவதற்கும் அடியில் மெல்ல ஓடவிடுங்கள். கரகரப்பு இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வராது.

நான்காம் படி: சுருதியும் வேகமும்

பழைய பதிவுகள் இன்றைய பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்குச் சரியாக நிற்பதில்லை. 78 என்று அச்சிட்ட ஆரம்பகாலத் தட்டுகள் பலவற்றின் உண்மையான வேகமே வேறு. இசைக்கும்போது டர்ன்டேபிளின் வேகமும் சற்றுப் பிசகும். மென்பொருள் சொல்லும் சுருதியை நம்பாமல் காதால் சேர்ப்பதே நல்லது. பாடலின் ஆதார சுருதியை முடிவு செய்து, அந்தச் சுரத்தில் ஓர் எளிய சைன் ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிடுங்கள். துண்டில் அதே சுரம் நீளும் இடத்தை அதன் மேல் ஓட்டி, நுண்சுருதியைச் சில சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவில் நகர்த்துங்கள். 440-உம் 443-உம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு மூன்று அலைவுகள் கேட்கும்; சுருதி நெருங்க நெருங்க அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். தம்புராவைச் சுருதி சேர்க்கும்போது காது செய்வதும் இதே வேலைதான்.

சுருதியை மாற்ற இரு வழிகள் உண்டு. நேரம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றும் டைம்-ஸ்ட்ரெச் வசதியானது. ஆனால் அதிகமானால் ஒலி தகரம்போல் ஆகும். வேகத்தோடு சேர்த்துச் சுருதியையும் மாற்றுவதே என் தேர்வு. குரல் சிறுபிள்ளைக் குரலாகவோ கனத்த முதுகுரலாகவோ மாறுவதுதான் இவ்வகைப் பாப்பின் பாதி வசீகரம். 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரின் (ஒலித் துண்டுகளைப் பதிந்து இசைக்கும் கருவியின்) நினைவகம் ஏறத்தாழப் பத்து நொடிதான் என்பதால், 33 வேகத் தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்குவார்கள். அதனால் விளைந்த கரடான ஒலியே பின்னர் விரும்பித் தேடப்படும் பாணியாயிற்று.

கணக்கு எளிது. நான்கு பீட் கொண்ட ஒரு துண்டு 2.5 நொடி நீண்டால் அதன் வேகம் நிமிடத்துக்கு 96 பீட். அதை இரண்டு அரைச்சுரம் உயர்த்த 1.122 மடங்கு வேகம் வேண்டும். பீட் ஏறத்தாழ 108 ஆகும். முதன்மைத் துண்டின் சுருதியை முதலில் தீர்மானித்து, அதனால் கிடைக்கும் வேகத்தையே பாடலின் வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றத் துண்டுகளையும் அதே சுருதிக்குக் கொண்டுவந்து, வேகம் பொருந்தாதவற்றைப் பீட் பீட்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தாளக்கட்டத்தில் அதற்குரிய இடத்தில் வையுங்கள்; நறுக்குகளுக்கு இடையில் விழும் சிறு மௌனமே பாடலுக்கு ஒரு துள்ளலைக் கொடுக்கும்.

ஐந்தாம் படி: அடுக்குதல்

ஒவ்வொரு துண்டும் தன் சொந்த பாஸ் ஒலியோடு வருவதால், நான்கு சேர்ந்தாலே அடித்தளம் குழம்பும். பாஸுக்கு ஒரு துண்டை மட்டும் விட்டு, மற்றவற்றில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கலவை கூட்டமாகத் தோன்றினால், எதையும் சேர்க்கும் முன் ஒன்றை நீக்கிப் பாருங்கள்.

ஆறாம் படி: ஆல்பமாக்குதல்

பாடல்களை வரிசைப்படுத்தும்போதும் சுருதியே வழிகாட்டட்டும். ஒரு பாடலின் இறுதித் துண்டு அடுத்ததன் ஆதார சுருதிக்குள் பொருந்தினால், இரண்டையும் இடைவெளியின்றி இணைக்கலாம். முழு ஆல்பத்தையும் ஒரே கோப்பாக அடுக்கி ஏற்றுமதி செய்து, பிறகு பாடல்வாரியாகப் பிரித்துவிடுங்கள். எம்பி3 வடிவம் கோப்பின் இரு முனைகளிலும் சிறு மௌனத்தைச் சேர்த்து அந்த இணைப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால், வேவ் அல்லது ஃபிளாக் வடிவிலேயே வைத்திருங்கள்.