டிஇஎஃப் நிரப்பியும் அணையாத விளக்கு: என் அனுபவம்

என் டீசல் வண்டியில் டிஇஎஃப் குறைவு என்று விளக்கு எரிந்தது. டீசல் புகையிலுள்ள மாசைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் திரவம் அது, ஆட்புளூ என்று பலர் சொல்வதும் இதைத்தான். நீல மூடியைத் திறந்து நிரப்பினேன். விளக்கு அணையவில்லை.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து சற்று காத்திருந்தேன். சில வண்டிகளில் கொஞ்சமாக ஊற்றினால் சென்சார் கணக்கில் எடுக்காது. எத்தனை லிட்டர் வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். என் வண்டியில் அளவு சரியாகக் காட்டியது, எச்சரிக்கை மட்டும் போகவில்லை. அப்படியானால் கோளாறு வேறு இடத்தில்.

ஸ்கேனர் போட்டதில், இந்தத் திரவத்தைப் புகைக்குழாயில் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் கோளாறுக் குறியீடு வந்தது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: நுனியில் வெள்ளையாக யூரியா படிகம் அடைத்திருந்தது. இந்தத் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். தண்ணீர் ஆவியானால் யூரியா கட்டிவிடும். நல்லவேளை, வெந்நீரிலேயே கரைந்தது, பாகம் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிய பிறகு விளக்கு வரவில்லை.

தயவுசெய்து விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். பல வண்டிகளில் டிஇஎஃப் டேங்க் காலியான பின் இன்ஜினை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. குழாய்த் தண்ணீரையும் கலக்காதீர்கள், அதிலுள்ள தாதுக்கள் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். டிஇஎஃப்பை டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே வேண்டாம். டேங்கை முழுதாகக் காலி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.