செவ்வந்திக் குச்சி வேர்விட

நெல்லைப் பக்கம் செவ்வந்தி நட ஆனி, ஆடிதான் தோது. வீட்டில் நல்ல செடி ஒன்று இருந்தால் போதும், அதிலிருந்தே கன்றுகள் எடுத்துவிடலாம்.

மொட்டு வைக்காத இளந்தண்டின் நுனியை 5 முதல் 7 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். மொட்டு வந்த தண்டு வேர்விடுவதில் சோம்பேறி. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டிய முனையை மட்டும் வேர்விடத் தூண்டும் பவுடரில் தொட்டு உதறுங்கள். டப்பாவில் ஐ.பி.ஏ. (வேர் வர வைக்கும் ஹார்மோன்) 1000 முதல் 2000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருந்தால் சரி. அதிகம் அப்பினால் அடித்தண்டு கருகிவிடும். பவுடர் இல்லாமலும் செவ்வந்தி வேர்விடும். போட்டால் சீக்கிரமாக, சீராக வரும், அவ்வளவுதான்.

கரிசல் மண் மட்டும் வேண்டவே வேண்டாம். நீர் கோத்துத் தண்டு அழுகும். கழுவிய மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழியுங்கள். பென்சிலால் குழி போட்டு நட்டால் பவுடர் உரசிப் போகாது.

அப்புறம் காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் திருநெல்வேலி டவுன் பக்கம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். வேரில்லாத குச்சியை ஒரே நாளில் வாட வைத்துவிடும். தொட்டியைப் பிளாஸ்டிக் கவரால் மூடி நிழலில் வையுங்கள். தினமும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பு இருந்தால் வேர் வந்தாயிற்று, தொட்டி மாற்றலாம்.