ஒளி, இருள், மீட்சி: முதல் ஃபேன்டஸி நாவலுக்குத் திட்டம் போடுவது எப்படி?

ஃபேன்டஸி நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் வரைபடம்தான் போடுகிறார்கள். மலை, ஆறு, ஏழு ராஜ்யம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. மாதங்கள் ஓடிவிடும், முதல் அத்தியாயம் இருக்காது. இருளுக்குள் போன ஒருவர் மீண்டு வரும் கதைதான் உங்கள் ஆசை என்றால், வரைபடம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். இப்போதைக்குப் பழைய தேவதைக் கதை ஒன்றும் ஒரு நோட்டும் போதும். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844-ல் டேனிஷ் மொழியில் வெளியிட்ட ‘பனி ராணி’யை வைத்தே போகலாம்.

படி 1: கதையைக் கழற்றிப் பாருங்கள்

குழந்தைகளுக்கான சுருக்கம் வேண்டாம், முழுக்கதையைப் படியுங்கள். ஏழே பகுதிகள்தான். ஒரு பூதம் மாயக்கண்ணாடி செய்கிறது. அதில் நல்லதெல்லாம் சுருங்கி மறையும், கெட்டதெல்லாம் பெரிதாகத் தெரியும். கண்ணாடி உடைந்து சில்லுகள் உலகமெங்கும் பறக்கின்றன. கேய் என்ற சிறுவனின் கண்ணில் ஒரு சில்லு, நெஞ்சில் ஒரு சில்லு. பனி ராணி அவனைத் தன் வண்டியில் கூட்டிப் போய்விடுகிறாள். தோழி கெர்டா தேடிக் கிளம்புகிறாள்.

ஒவ்வொரு பகுதிக்கும் நோட்டில் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும்? அதற்காக எதைக் கொடுத்தார்? கெர்டா ஆற்றிடம் கேயைத் திருப்பிக் கேட்டுத் தன் புதுச் சிவப்புக் காலணிகளைக் கொடுக்கிறாள் என்பது போல.

ஆண்டர்சன் 1875-ல் இறந்துவிட்டார், அதனால் மூலக்கதைக்கு இன்று காப்புரிமை கிடையாது. புதிய மொழிபெயர்ப்புகளுக்கு இருக்கும். அவற்றின் வரிகளை அப்படியே தூக்கிவிடாதீர்கள்.

படி 2: இருளுக்கு ஒரு விதி எழுதுங்கள்

‘இருள் உலகைச் சூழ்ந்தது’ என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. இருள் என்ன செய்யும், யாரிடமிருந்து எதை எடுக்கும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். ஆண்டர்சனின் கண்ணாடிக்கு அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பனி ராணியின் அரண்மனை இருட்டாகவே இல்லை. வடதுருவ ஒளி அங்கே பளிச்சென்று அடிக்கிறது, அதுவும் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் அளவுக்கு ஒழுங்காக. இந்தக் கதையில் இருள் என்பது குளிர். கெர்டாவின் பக்கம் இருப்பது வெளிச்சத்தை விட வெப்பம்தான். கறுப்பு அங்கி, வெள்ளைக் குதிரை என்று போகாமல் உங்களுக்கான எதிர்ச்சொற்களைத் தேடுங்கள்: நினைவு–மறதி, பேச்சு–மௌனம், பசி–நிறைவு.

உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன். ஒரு மலையூர். வீட்டுக்கு ஒரு விளக்கு, தலைமுறையாக அணையாத சுடர். அது போய்விட்டால் அந்த வீட்டாருக்கு இறந்துபோனவர்களின் முகம் மறந்துவிடும். விதி அவ்வளவுதான்.

படி 3: சில்லு விழுந்ததா, இவரே எடுத்து வைத்துக்கொண்டாரா?

இந்த வகை நாவல் நிற்பதும் விழுவதும் இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

கேய் எந்தத் தப்பும் செய்யவில்லை. சில்லு தானாக வந்து விழுந்தது. அதன் பிறகு அவன் செய்யும் குறும்பும் கொடுமையும் சில்லின் வேலை. அது போனதும் பழைய கேய் திரும்பி வருகிறான். இது சாப விமோசனம். தேவதைக் கதைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். வில்நெவ் என்ற எழுத்தாளர் 1740-ல் பிரெஞ்சில் எழுதிய ‘அழகியும் மிருகமும்’ கதையில் இளவரசன் மிருகமானது, தன்னை மணக்கச் சொன்ன தேவதையை மறுத்ததற்காக. அதில் அவன் குற்றம் என்ன? போமோன் என்ற இன்னொரு எழுத்தாளர் 1756-ல் அதைச் சுருக்கியபோது காரணமே சொல்லவில்லை. ஒரு கெட்ட தேவதை சபித்தாள், அவ்வளவுதான். 1991-ல் வந்த டிஸ்னி படத்தில் அவனுடைய செருக்கு காரணமாகிறது. கேட்கும் நமக்கு உடனே கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது, இல்லையா?

மீட்சிக் கதைக்கு ஒரு தவறு வேண்டும், அதை மீளும் பாத்திரம் தெரிந்தே செய்திருக்க வேண்டும். நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தார், யாருக்குச் செய்தார், அவர்களுக்கு என்ன போயிற்று. ‘ஆயிரம் பேரைக் கொன்றான்’ என்று எழுதாதீர்கள்; ஆயிரம் பேருக்கு முகம் கிடையாது. என் மலையூரில், அக்கா ஒருத்தி தம்பியின் உயிரைக் காக்க இருளோடு பேரம் பேசுகிறாள். ஆனால் விலையாகக் கொடுப்பது தன் வீட்டுச் சுடரை அல்ல, பக்கத்து வீட்டுக் குயவருடையதை. மறுநாள் காலை குயவரின் மனைவிக்குச் செத்துப்போன மகளின் முகம் நினைவில்லை.

அவள் நோக்கம் நல்லதுதான். அதனால்தான் வாசகர் அவள் கூடவே வருவார். ஆனால் நோக்கத்தைச் சொல்லி அவளைத் தப்பிக்க விட்டுவிடாதீர்கள்.

படி 4: கொள்ளைக்காரச் சிறுமியிடம் பாடம் கேளுங்கள்

பனி ராணி கதையில் உண்மையான மாற்றம் யாருக்கு என்று கேட்டால் நான் கேயைச் சொல்ல மாட்டேன், கெர்டா வழியில் சந்திக்கும் கொள்ளைக்காரச் சிறுமியைச் சொல்வேன். அவள் தினமும் பனிமானின் கழுத்தில் கத்தியைத் தடவி அது நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறவள். கெர்டாவையும் குத்திவிடுவேன் என்று மிரட்டுகிறாள். பிறகு அதே மானை அவிழ்த்துக் கெர்டாவை ஏற்றி அனுப்புகிறாள். குளிருமே என்று கெர்டாவின் மயிர்த்தோல் காலணிகளைத் திருப்பிக் கொடுக்கிறாள். கை நுழைத்துக்கொள்ளும் மயிர்த்தோல் உறையை மட்டும் தர மாட்டாளாம், அழகாக இருக்கிறதாம்! அதற்குப் பதில் அம்மாவின் பெரிய கையுறைகளை மாட்டிவிடுகிறாள்.

அந்த உறையை அவள் வைத்துக்கொண்டதால்தான் நான் அவளை நம்புகிறேன். உங்கள் பாத்திரமும் ஒரே இரவில் புனிதராக வேண்டாம். லாபமில்லாத ஒரு சின்ன உதவி, பிறகு பழைய புத்திக்கு ஒரு சறுக்கல், கடைசியில் வலிக்கிற ஒரு விலை என்று மூன்று காட்சிகளாவது யோசியுங்கள். என் அக்கா கடைசியில் தன் வீட்டுச் சுடரைக் குயவர் வீட்டில் ஏற்றுகிறாள். தன் தாயின் முகம் அவளுக்கு மறந்துபோகிறது. குயவரின் மனைவி அப்போதும் அவளோடு பேசவில்லை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. உங்கள் கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக அவரை மன்னிக்க வைக்காதீர்கள்.

படி 5: தேவதைக் கதையின் சாயல், அளவோடு

ஒரே விஷயம் மூன்று முறை வருவது, விலக்கப்பட்ட ஒரு செயல், பேசும் பிராணி: இவற்றில் ஒன்றிரண்டு போதும். பனி ராணியின் முதல் முத்தத்தில் கேய்க்குக் குளிர் தெரியாமல் போகிறது, இரண்டாவதில் வீடே மறக்கிறது, மூன்றாவது கொன்றுவிடும் என்று அவளே நிறுத்திக்கொள்கிறாள். மூன்றாவது நடக்கவே இல்லை, பயம் மட்டும் நிற்கிறது. கொஞ்சம் வேடிக்கையும் சேருங்கள். அதே கதையில் வடக்கே ஒரு கிழவி கருவாட்டில் கடிதம் எழுதி அனுப்புகிறாள். பெற்றுக்கொண்டவள் மூன்று முறை படித்து மனப்பாடம் செய்துவிட்டு அதைக் குழம்பில் போட்டுவிடுகிறாள்.

படி 6: உச்சக் காட்சியில் வில்லனை வெளியே அனுப்பிப் பாருங்கள்

கெர்டா அரண்மனைக்குள் வரும்போது பனி ராணி அங்கே இல்லை. எரிமலைகளைப் பார்க்கத் தெற்கே போயிருக்கிறாள். வாசலில் பனிப்படையோடு ஒரு மோதல் உண்டு. உள்ளே கேய் மட்டும் பனிக்கட்டித் துண்டுகளை அடுக்கி ‘நித்தியம்’ என்ற சொல்லை அமைக்க முயன்றுகொண்டிருக்கிறான். கெர்டாவின் கண்ணீரில் அவன் நெஞ்சின் சில்லு கரைகிறது, அவன் அழும்போது கண்ணின் சில்லு வெளியே வருகிறது.

உங்கள் கடைசிக் காட்சியிலிருந்து வில்லனை எடுத்துவிட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள். மீளும் பாத்திரம் செய்ய எதுவும் மிச்சமில்லை என்றால், மூன்றாம் படியில் எழுதிய தவறு போதவில்லை, அங்கே திரும்பிப் போங்கள். மிச்சமிருந்தால் வில்லனைத் திருப்பிக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

சரி, எதை முதலில் எழுதுவது? அந்தத் தவறு நடக்கும் இரவை. முன்னுரை, ராஜ வம்சம், வரைபடம் எதுவும் இல்லாமல் நான்கைந்து பக்கம். அதை யாரிடமாவது படிக்கக் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன போயிற்று என்று மட்டும் கேளுங்கள்.