ஈறில் வரும் வெருக்கஸ் கார்சினோமா: பயாப்ஸியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில், பயாப்ஸிக்காக வெட்டி எடுத்த திசுத் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் எங்கள் லேபுக்கு வரும் புது பி.ஜி. மாணவர்கள், நாங்கள் படித்த காலத்துத் தவறுகளையே இன்றும் செய்கிறார்கள். பாட்டிலில் பெயர் ஒட்டாதது, ஃபார்மலினைக் குறைவாக ஊற்றுவது இதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

மேலாகக் கிள்ளி எடுப்பது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வெருக்கஸ் கார்சினோமா, 1948-ல் அமெரிக்க நோயியல் மருத்துவர் லாரன் அக்கர்மேன் தனி வகையாக விவரித்த அரிதான புற்று. வெள்ளையாக, மரு மருவாக எழும்பி மெதுவாக வளரும். செல்கள் சாதுவாக இருக்கும். உட்கருக்களில் பெரிய கோளாறு தெரியாது. காட்டிக்கொடுப்பது அடிப்பகுதிதான். அங்கே எபிதீலியம் (ஈறின் மேற்படலம்) யானைக்கால் போலப் பருத்து, மழுங்கிய முனையோடு கீழ்த்திசுவை நெட்டித் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கும். பக்கத்து நல்ல எபிதீலியமும் துண்டில் இருந்தால்தான் எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியும்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். வெற்றிலையோடு புகையிலையை ஈறோரம் அடக்கிவைக்கும் பழக்கம். வேறோர் இடத்தில் பயாப்ஸி எடுத்து, 'ஹைப்பர்கெரட்டோசிஸ், புற்று இல்லை', அதாவது மேற்படலம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி வீட்டோடு இருந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது கட்டி தாடை எலும்பை அரித்திருந்தது. "ஒண்ணுமில்லைன்னு எழுதிருக்காகளேய்யா" என்று மஞ்சப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

பழைய ஸ்லைடை வரவழைத்துப் பார்த்தேன். முழுக்க மேலே படியும் கெட்டியான கெரட்டின், எபிதீலியத்துக்குக் கீழே இணைப்புத் திசு துளிகூட இல்லை. அடியே இல்லாத துண்டை வைத்து 'புற்று இல்லை' என்று எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்? 'துண்டு போதாது, விளிம்போடும் ஆழத்தோடும் மறுபடி எடுங்கள்' என்று எழுதுங்கள். சர்ஜனுக்கு போன் போட்டும் சொல்லுங்கள். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

துண்டைப் படுக்கவைத்து பிளாக் போடுவது

துண்டை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கும்போது நிமிர்த்தி வையுங்கள். சாய்வாக வெட்டுப்பட்டால் எபிதீலிய முளைகள் தனித்தனித் தீவுகளாகத் தெரிந்து, ஊடுருவல் என்று ஏமாற்றும்.

ஆடும் பல்லை முதலில் பிடுங்குவது

வேண்டாம். கட்டி இருக்கும் ஈறில் பல் ஆடினாலும் முதலில் எக்ஸ்ரே, பயாப்ஸி.

இரண்டு பிளாக்கோடு நிறுத்துவது

ஆபரேஷன் முடிந்து முழுக் கட்டி வந்தால் நிறைய இடங்களில் வெட்டிப் பாருங்கள். கலப்பில்லாத வெருக்கஸ் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் அதே கட்டியின் ஒரு மூலையில் வழக்கமான வாய்ப்புற்றான ஸ்குவாமஸ் கார்சினோமா ஒளிந்திருக்கலாம். இருந்தால் சிகிச்சையே மாறும். அப்புறம், கழுத்தில் கணு தட்டுப்பட்டதுமே பரவிவிட்டது என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கட்டியின் அடியில் அழற்சி அதிகம். அதனாலேயே கணு வீங்கும்.