வழக்குகளின் வழியே ஒரு நகைச்சுவை வரலாறு: மலையூர் வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி?

அமெரிக்காவின் அடங்காத மேடை நகைச்சுவையைப் பற்றிக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு வாசகர் வட்டத்தில் பேச முன்வருகிறவர், துணுக்குகளைத் திரட்டுவதை விட்டுவிட்டு நீதிமன்ற வழக்குகளைத் திரட்ட வேண்டும். அக்காலத்து அமெரிக்கக் கொச்சையையும் அரசியலையும் விளக்கி முடிப்பதற்குள் துணுக்கின் சிரிப்பு வற்றிவிடும். வழக்கு எந்த ஊராருக்கும் விளங்கும்.

மேடை நகைச்சுவையாளர் லென்னி புரூஸிடமிருந்து தொடங்குவது நல்லது. 1961-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆபாசமாகப் பேசியதாகக் கைதாகி, மறு ஆண்டு விடுதலையான அவர், 1964-இல் நியூயார்க்கில் மீண்டும் கைதானார். அவருடைய நிகழ்ச்சியைக் கேட்டுக் குறிப்பெடுத்திருந்த உரிம ஆய்வாளர் ஒருவர், அதை நீதிமன்றத்தில் தம் போக்கில் சொல்லிக் காட்ட, இந்த மனிதர் சொதப்புவதற்குத் தாம் சிறை செல்ல வேண்டுமா என்று புரூஸ் நொந்துகொண்டார். இந்த ஒரு காட்சியை நிதானமாக விரித்துச் சொன்னால் போதும். கூட்டம் தானாகச் சிரிக்கும். நான்கு மாதத் தண்டனை விதிக்கப்பட்டும் அதை அனுபவிக்காமலே 1966-இல் அவர் இறந்தார். நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கியின் மன்னிப்பு 2003-இல்தான் வந்தது. எம்.ஆர். ராதாவின் 'ராமாயணம்' நாடகத்துக்கு எழுந்த எதிர்ப்பையும் நாடகங்களைக் கட்டுப்படுத்த வந்த 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தையும் இங்கே நினைவூட்டலாம். மூத்தவர்கள் உரையாடலுக்குள் வர அது வழிவிடும்.

அடுத்து ஜார்ஜ் கார்லின். பொது ஒலிபரப்பில் உச்சரிக்கக் கூடாத ஏழு சொற்களைப் பற்றிய அவருடைய பேச்சு, 1973-இல் நியூயார்க் வானொலி ஒன்றில் பிற்பகலில் ஒலிபரப்பாயிற்று. மகனுடன் காரில் சென்றுகொண்டிருந்த ஒருவரின் புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஒலிபரப்பாளர்களுக்கு எதிராக முடிந்தது. அந்தச் சொற்களை மேடையில் சொல்லிக் காட்டத் தேவையில்லை. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில், வீட்டுக்குள் வந்து சேரும் வானொலியில் ஒலித்தன என்பதே வழக்கின் மையம்.

புண்படுத்திய எல்லாவற்றையும் துணிச்சல் என்று புகழ்ந்துவிடக் கூடாது. கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசைச்சொல்லைத் தம் இசைத்தட்டுகளின் தலைப்பிலேயே வைத்த கறுப்பின நகைச்சுவையாளர் ரிச்சர்ட் பிரையர், 1979-இல் கென்யா சென்று வந்தபின் அதைக் கைவிட்டார். நீதிமன்றம் தலையிடாமல், கலைஞரே தம் எல்லையை மாற்றிக்கொண்டது இது. வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

மஞ்சு இறங்கும் மாதங்களில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள். எனவே 1969-இல் ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நகைச்சுவை நிகழ்ச்சியைச் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுத்தியதை ஒரே வாக்கியத்தில் முடித்து, பிரையருக்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும்.