லக்சரில் விடியற்காலை பலூன்: தேதி குறிப்பதிலிருந்து தரையிறங்கும் வரை

எகிப்துக்குப் பயணத்திட்டம் போடும் பலர் லக்சர் நகரத்தின் வெப்பக் காற்றுப் பலூன் சவாரியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கோயில், கல்லறை எல்லாம் சுற்றி முடித்துவிட்டு, ஊரை விட்டுக் கிளம்பும் காலையில் மேலேயிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்பது கணக்கு. அன்று காற்று ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கணக்கு அத்தோடு சரி. லக்சரில் மூன்று காலைகளாவது கையில் இருக்கட்டும், பலூனை முதல் காலையிலேயே வையுங்கள். ரத்தானால் மறுநாள், அதுவும் கைவிட்டால் அதற்கடுத்த நாள். ஒவ்வொரு காலையும் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் காற்றைப் பார்த்து அனுமதி தந்த பிறகே பலூன்கள் எழும்பும். மறுத்தால் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்தே மறுப்பு என்பதால், கம்பெனியை மாற்றிப் பயனில்லை.

விடியற்காலையில் பறப்பது சூரிய உதயத்தின் அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். இரவெல்லாம் குளிர்ந்த தரைமேல் காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறியதும் பாலைவன மணலும் பாறையும் சூடேறி, அங்கங்கே வெப்பக் காற்று மேலே கிளம்பும். வயல் பக்கம் ஒரு வேகம், மலைப் பக்கம் ஒரு வேகம் என்று காற்று குழம்பிவிடும். பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. போகும் திசையை மாற்ற பைலட் செய்யக்கூடியது ஏறுவதும் இறங்குவதும்தான். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை கொஞ்சம் மாறும். வேண்டிய திசையில் போகும் அடுக்கைத் தேடிப் பிடித்து அதில் நிற்பதுதான் அவருடைய திறமை. எனவே "அரசி ஹாட்ஷெப்சுட்டின் கோயிலுக்கு நேர் மேலே பறப்போம்" என்று ஏஜென்ட் உறுதி சொன்னால், அவருக்குப் பலூனைப் பற்றித் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் என்றால், அக்டோபர் பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்லது. மார்ச்சிலிருந்து மே வரை கம்சீன் என்னும் தெற்குக் காற்று மணலை வாரிக்கொண்டு வரும் காலம், ரத்தாகும் நாட்கள் கூடும். டிசம்பர், ஜனவரியில் சில காலைகளில் நைல் ஓரத்து வயல்கள்மேல் பனிமூட்டம் நிற்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் எரிக்கும் தோகையின் புகையும் சேர்ந்துகொள்ளும். கோடையிலும் பறக்கிறார்கள். ஆனால் அப்போது பலூனுக்குத் தூக்கும் சக்தி குறைவு.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பதினாறு பேர் கூடைக்குச் சுமார் 8,500 கன மீட்டர் கொள்ளும் பலூன் வேண்டும். வெளியே 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.25 கிலோ. பலூனுக்குள் 90 டிகிரிக்குச் சூடேற்றினால் அது சுமார் 0.97 கிலோ. வித்தியாசம் 0.28 கிலோ. 8,500-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,400 கிலோவைத் தூக்கலாம். துணி, கூடை, பர்னர், காஸ் சிலிண்டர்கள், பைலட், பயணிகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஜூலை விடியலில் வெளியே 28 டிகிரி இருந்தால் இதே பலூன் தூக்குவது 1,700 கிலோதான். ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது உள்ளே இன்னும் சூடேற்ற வேண்டும். சூடேற்றுவதற்கும் துணி தாங்கும் எல்லை உண்டு. முன்பதிவில் எடை கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். கூடைக்குள் தடுத்திருக்கும் அறைகளில் எதில் யாரை நிறுத்துவது என்பதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

பதிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, முதல் சுற்றா இரண்டாவது சுற்றா என்பது. ஒரே காலையில் இரண்டு சுற்றாவது பறக்கவிடுவது இங்கே வழக்கம். முதல் சுற்றில் இருப்பவர்கள் வானத்தில் இருக்கும்போது சூரியன் உதிக்கும். இரண்டாவது சுற்றுக்காரர்கள் உதயத்தைத் தரையில் நின்று, ஊதி நிற்கும் மற்றவர்களின் பலூன்களுக்கு நடுவே பார்ப்பார்கள். காற்று கிளம்பினால் முதலில் ரத்தாவதும் அவர்கள் சுற்றுதான். "சன்ரைஸ் பலூன்" என்று விளம்பரம் இரண்டையும் ஒரே பெயரில் விற்கும். எந்தச் சுற்று என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, கூடையில் எத்தனை பேர். முப்பது பேர் ஏறும் பெரிய கூடைகளில் ஒவ்வொரு அறையிலும் இரண்டு வரிசையாக நிற்க நேரும், பின்வரிசைக்குக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் தோள். பன்னிரண்டு, பதினாறு பேர் கூடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். விலை சீசனையும் பேரத்தையும் பொறுத்து ஆடும், ஆனால் பலூனுக்குப் பேர்போன துருக்கியின் கப்படோசியாவோடு ஒப்பிட்டால் வழக்கமாக மலிவு. ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மட்டும்தான் மாறுமா என்பதையும் கேளுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் பலூன் சவாரி விலக்கப்பட்டிருக்கிறதா என்று அந்தப் பொடி எழுத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். முதுகுத்தண்டு, இடுப்பு, முழங்கால் அறுவை செய்து நாளாகாதவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் ஏற வேண்டாம். பறக்கும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும் அந்த ஒரு நொடிதான் பிரச்சினை. கூடையின் சுவர் பெரியவர்களுக்கு மார்பளவு வரும். அதைவிடக் குட்டையான குழந்தைக்குப் பிரம்புச் சுவரைத் தவிர எதுவும் தெரியாது, தூக்கிக் காட்டவும் விட மாட்டார்கள்.

உடுப்பு: பருத்தி. பர்னர் தலைக்கு மேலேயே எரிவதால் பாலியஸ்டர் சரிப்படாது. உயரமானவர்களுக்கு உச்சந்தலை சுடும், ஒரு தொப்பி போதும். ஜனவரியில் தரையில் நிற்கும் நேரம் 6, 7 டிகிரி குளிர் இருக்கும். மேலே போனதும் பர்னர் சூட்டில் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும், எனவே அடுக்கடுக்காகப் போடுங்கள். கூடைக்குக் கதவில்லை. சுவரில் இருக்கும் ஓட்டைகளில் கால் வைத்து ஏறி உள்ளே குதிக்க வேண்டும், ஆக அன்றைக்குப் புடவை வேண்டாம், பேன்ட்தான். துப்பட்டா போட்டால் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். செருப்பு கூடாது: இறங்குவது பெரும்பாலும் வெட்டிய கரும்புக் காட்டிலோ தண்ணீர் பாய்ச்சிய வயலிலோதான், கரும்புக் கட்டை பாதத்தைக் கிழிக்கும். டிரோன் கொண்டுபோக நினைத்தால் விட்டுவிடுங்கள், எகிப்துக்குள் கொண்டுவரவே தடை, சுங்கத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

லக்சரில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிப்பது காலை 6.35 வாக்கில். ஜூனில் கோடைக்காலக் கடிகாரப்படி 6 மணி. அதிலிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வேன் வந்து நிற்கும். கிழக்குக் கரையில் தங்கியிருந்தால், பலூன் கிளம்பும் மேற்குக் கரைக்கு மோட்டார் படகில் நைலைக் கடக்க வேண்டும். படகில் தேநீரும் ஒரு கேக் துண்டும் தருவார்கள். மேற்குக் கரையில், படகுத்துறைப் பக்கமாகத் தங்கினால் இந்தக் கடப்பு மிச்சம், அரைமணி கூடுதலாகத் தூங்கலாம். கழிப்பறை வேலையை விடுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் இருட்டும் மணலும்தான்.

பலூன் நிற்கும் விதம் பார்க்கத் தகுந்தது. கூடையைப் பக்கவாட்டில் சாய்த்து, பெரிய மின்விசிறியால் முதலில் குளிர்ந்த காற்றை ஊதிப் பாதிக்கு மேல் நிரப்புவார்கள். பிறகுதான் பர்னரைத் திறந்து தீயை உள்ளே விடுவது. துணி நிமிரும்போது கூடையும் நிமிரும். "வாருங்கள்" என்றதும் தயங்காமல் ஏற வேண்டும், நிமிர்ந்த பலூனைத் தரையில் பிடித்து வைப்பது சுலபமில்லை. இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஓர அறையின் மூலை நல்லது: இரண்டு பக்கமும் பார்வை கிடைக்கும், நடுவில் இருக்கும் பர்னரிலிருந்தும் தள்ளி இருக்கும். எந்தத் திசை என்று அலட்டிக்கொள்ள வேண்டாம், பைலட் நடுவில் கூடையைச் சுழற்றுவார். ஏறும் முன் இறங்கும் முறையைச் செய்து காட்டுவார்கள். கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அதைக் கவனியுங்கள். காட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மேலே போனதும் காற்றே இல்லாததுபோல் இருக்கும், ஏனென்றால் காற்றின் வேகத்திலேயே நீங்களும் போகிறீர்கள். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் மாடி விளிம்பில் வரும் தலைச்சுற்றல் பெரும்பாலும் இங்கே வருவதில்லை. பர்னரைத் திறந்தால் உடனே ஏறாது, சில நொடிகள் கழித்துத்தான் பலூன் பதில் சொல்லும். பைலட் எப்போதும் அந்தச் சில நொடி முன்னால் யோசித்துக்கொண்டிருப்பவர் என்பதால் அந்த நேரத்தில் செல்ஃபிக்குக் கூப்பிடாதீர்கள்.

கீழே இருப்பது பழைய தீப்ஸ் நகரத்தில் இறந்தோரைப் புதைத்த பக்கம், 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். முதலில் கண்ணில் படுவது மெம்னோன் சிலைகள்: சுமார் 18 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிலைகள், இரண்டுமே அரசர் மூன்றாம் அமென்ஹோதெப். தரையில் பார்த்தால் வெறும் இரண்டு சிலை. மேலேயிருந்துதான் அவற்றுக்குப் பின்னால் இருந்த கோயில் எவ்வளவு பெரியது என்று பிடிபடும். நிலநடுக்கத்தில் விழுந்து, வெள்ளத்திலும் கல்திருட்டிலும் கரைந்தது போக மிச்சம் அந்தக் காவலாளிகள். அரசர் இரண்டாம் ராம்சேசின் கோயிலான ராமேசியத்தில் விழுந்து கிடக்கும் அவருடைய சிலை முழுதாக இருந்தபோது ஆயிரம் டன் இருக்கும் என்கிறார்கள். தெற்கே மெதினெத் ஹாபு, மூன்றாம் ராம்சேசின் கோயில், சுற்றுச்சுவரோடு ஒரு கோட்டை மாதிரி. அதன் அருகே வளைந்து வளைந்து ஓடும் மண்சுவர்கள் தெரிந்தால், அது 2021இல் கண்டுபிடித்ததாக அறிவித்த பழைய மண்செங்கல் நகரம். மேற்கே செங்குத்துப் பாறையில் சாய்ந்தபடி ஹாட்ஷெப்சுட்டின் மூன்றடுக்குக் கோயில், அதற்குப் பின்னால் கூம்பு மலையான அல்-குர்ன், அதன் மறுபக்கம் அரசர்களின் பள்ளத்தாக்கு. காற்று இடம் கொடுத்தால் மலை விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கலாம், பல நாள் கொடுக்காது. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சி உறுதி: பச்சை வயல் முடிந்து பாலைவனம் தொடங்கும் அந்தக் கோடு, கத்தியால் வெட்டியதுபோல். கோயில்கள் ஏன் சரியாக அந்தக் கோட்டின்மேல் வரிசையாக இருக்கின்றன என்பதும் அப்போது புரியும். விளைநிலத்தை வீணாக்காமல், வெள்ளம் எட்டும் எல்லையில் கட்டியிருக்கிறார்கள்.

கிழக்கே, கர்னாக் கோயில் பக்கமாகச் சூரியன் எழும் மலைகளுக்கு அப்பால் செங்கடல். அந்தக் கரையில் குசெய்ர் அல்-கதீம் என்ற பழைய ரோமானியத் துறைமுகத்தில் "பானை ஒறி" என்று தமிழ் பிராமியில் பொறித்த ஓடு கிடைத்தது. உறி என்று நம் வீடுகளில் தொங்கியதேதான். அங்கே இறங்கிய சரக்கு பாலைவனம் கடந்து நைலைத் தொட்ட ஊர் கோப்டோஸ், இன்றைய கிஃப்ட், லக்சருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். பலூனிலிருந்து தெரியாது. அந்தத் திசையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

படம் எடுப்பவர்களுக்கு: உதயத்துக்கு முன் வெளிச்சம் குறைவு, கூடை சுழலும். ஷட்டர் 1/250க்குக் கீழே போகாமல் ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை ஏற்றுங்கள். உதித்த முதல் இருபது நிமிடம் கிழக்கைப் பார்த்து எடுத்தால் பலூன்களின் நிழலுருவம், மேற்கைப் பார்த்தால் மலை முழுக்கத் தேன் நிறம். எல்லோரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். இடிபாடுகள் வேண்டுமென்றால் திரும்பி நில்லுங்கள். கைபேசிக்கு மணிக்கட்டு வார் கட்டாயம். லென்ஸ் மாற்றும் வேலை வேண்டாம்.

முக்கால் மணி நேரம் கழித்து, பைலட் "லேண்டிங் பொசிஷன்" என்பார். கேமராவை உள்ளே வையுங்கள். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, முதுகைக் கூடைச் சுவரில் அழுத்தி, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரின் விளிம்பைப் பிடிக்கவே கூடாது, கூடை சாய்ந்தால் விரல் நசுங்கும். காற்றில்லாத நாளில் இலைபோல் வந்து அமரும். கொஞ்சம் காற்றிருந்தால் ஒருமுறை குதித்து, சில மீட்டர் இழுபட்டு, பக்கவாட்டில் சாயவும் கூடும். அது விபத்து அல்ல. பலூன் உச்சியில் இருக்கும் மூடியைக் கயிற்றால் இழுத்து வெப்பக் காற்றை வெளியே விடும்வரை அப்படித்தான் இழுக்கும்.

தரை தொட்டதும் யாரும் இறங்கக் கூடாது. ஆள் ஒருவர் இறங்கினால் எழுபது கிலோ குறைகிறது, மீதிப் பேரோடு பலூன் மறுபடி எழும்பும். 2013 பிப்ரவரி 26 அன்று லக்சரில் நடந்தது இதன் மிகக் கொடிய வடிவம்: தரையிறங்கும்போது எரிவாயுக் குழாய் சேதமாகித் தீப்பிடிக்க, பைலட் உட்படச் சிலர் குதித்துவிட, எடை குறைந்த பலூன் தீயோடு மேலே போய் விழுந்தது. இருபத்தொரு பேரில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். 2018 ஜனவரியிலும் பலத்த காற்றில் சிக்கிய ஒரு பலூன் விழுந்து ஒருவர் இறந்தார். காற்றைக் காட்டி ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள் என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

இறங்கியதும் பின்தொடர்ந்து வந்த ஆட்கள் துணியைச் சுருட்டுவார்கள், ஊர்ப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள், பக்‌ஷீஷ் என்னும் இனாம் கேட்பார்கள். சில்லறை நோட்டுகளை எளிதில் எடுக்கும் பையில் வைத்திருங்கள், பர்ஸைத் திறந்து காட்டாதீர்கள். அப்போது மணி ஏழரைதான் இருக்கும், நீங்கள் நிற்பதும் மேற்குக் கரையில். வேன் விடுதிக்குத் திரும்பும்போது அதில் ஏறிவிடாமல், அரசர்களின் பள்ளத்தாக்கிலோ மெதினெத் ஹாபுவிலோ இறக்கிவிடச் சொல்லுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிறைவதற்கு முன் ஒரு மணி நேரமாவது கிடைக்கும். டிக்கெட் கவுன்டர்கள் பலவற்றில் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள், அதை மறக்காமல் காலையிலேயே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.