பொங்கல் லீவுக்குக் கொடைக்கானல் வேண்டாம், கீழக்குயில்குடிக்குப் போங்க

பொங்கலுக்கு நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் மதுரைக்காரர்கள் வாயில் முதலில் வருவது கொடைக்கானல்தான். நாங்களும் ஒரு வருஷம் அப்படித்தான் கிளம்பினோம். சாதாரண நாளில் மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுகிற மலைக்கு அன்றைக்கு ஏழு மணி நேரம் ஆனது. வத்தலக்குண்டு தாண்டியதும் வண்டி நிற்க ஆரம்பித்தது, மகள் ரெண்டு தடவை வாந்தி எடுத்தாள், மேலே போனால் ஏரியைச் சுற்றி நடக்கக்கூட இடமில்லை. இப்போது 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸும் எடுத்தாக வேண்டும், ஆனாலும் லீவு நாளில் மலைப்பாதையில் வரிசை குறைந்தபாடில்லை. அந்த வருஷத்தோடு வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம்: பண்டிகை லீவில் முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போவதில்லை.

இது ஏதோ கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிற ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அது விடியற்காலை. வெளியூர்க்காரர் குளித்து, டிபன் முடித்து, வேன் பிடித்து வந்து சேரப் பத்து மணி ஆகும். நமக்கு அரை மணி நேரப் பயணம்தான். ஐந்தரைக்குக் கிளம்பினால் சூரியன் வரும்போது மலையில் இருக்கலாம், கூட்டம் வருகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடலாம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

எந்தப் பக்கம் போவது என்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று பாருங்கள். தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர், மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. வாடிவாசலுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், ஆனால் சாத்தையார் அணைக்கோ குட்லாடம்பட்டி அருவிக்கோ அலங்காநல்லூர் வழியாகப் போகலாம் என்று நினைத்தால் அந்த நாட்களில் மறந்துவிடுங்கள், போலீஸ் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். காணும் பொங்கல் அன்றைக்கு அழகர்கோயில் பக்கமும் வேண்டாம். ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அங்கேதான் இருக்கும், நூபுரகங்கைக்கு ஏறும் பாதையில் குரங்குகளுக்கும் அன்றைக்குத்தான் பெரிய விருந்து.

முதல் நாள் காலைக்கு என் தேர்வு எப்போதுமே கீழக்குயில்குடி சமணர் மலை. நாகமலைப் புதுக்கோட்டை வழியாகப் போனால் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். டவுன் பஸ் உண்டு, ஆனால் பண்டிகை அன்றைக்கு விடியற்காலைக்கு அதை நம்ப வேண்டாம், பைக்கோ முந்தின நாளே சொல்லி வைத்த ஆட்டோவோதான் சரிப்படும். அடிவாரத்தில் தாமரைக் குளம், அதன் கரையில் ஆலமரங்கள், அய்யனார் கோயில். குளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, விளக்கையும் பாட்டையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். எங்கோ ஒரு மயில் அகவும், இன்னொன்று பதில் சொல்லும், வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமரை இலை மேல் வரும்.

படி பாறையிலேயே வெட்டியது. தை மாதத்தில் பனி இறங்கியிருக்கும், காலையில் பாறை வழுக்கும், அதனால் தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பாறையில் உள்ளங்கையை வைத்தால் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும், பத்து மணிக்கு அதே இடத்தில் உட்கார முடியாது. கொஞ்சம் ஏறினால் பேச்சிப்பள்ளம். சின்னச் சுனை, அதற்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அப்படியே இருக்கின்றன. வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், முகம் தெளிவாகத் தெரியும், சிற்பத்துக்குக் கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தும் எழும்பி நிற்கும். யார் செய்து கொடுத்தது என்று பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்த எழுத்து பாறையோடு பாறையாகிவிடும். தொட்டுப் பார்க்கிற ஆசை பிள்ளைகளுக்கு வரும், சொல்லித் தடுங்கள், கை பட்டுப் பட்டே எழுத்து தேய்கிறது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற குகை இருக்கிறது. அங்கே பெரிய தீர்த்தங்கரர் உருவம், குகைக்குள் மேலே அண்ணாந்து பார்த்தால் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானைக்காரனோடு சண்டை போடுகிற இயக்கி, அதாவது சமணப் பெண் தெய்வம். என் மகளுக்கு எட்டு வயசில் அது பிடித்துப்போய், அடுத்த ரெண்டு மாதம் நோட்டு முழுக்க சிங்கமாகவே வரைந்தாள்.

பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அந்தப் பக்கமே போகாதீர்கள், சென்ட் அடித்துக்கொண்டு மலை ஏறாதீர்கள், பக்கத்தில் புகை போடாதீர்கள். எட்டரைக்கெல்லாம் இறங்கத் தொடங்குவது நல்லது.

இரண்டாம் நாள் காலைக்கு அரிட்டாபட்டி. மேலூர் ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் இடத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்தபோது ஊர் ஊராக ஜனங்கள் எழுந்து நின்றார்கள், 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அந்த மக்கள் காப்பாற்றி வைத்திருக்கிற இடத்துக்குத்தான் நாம் போகிறோம். குடைவரை சிவன் கோயில் இருக்கிறது, அதன் பக்கத்தில் பாசுபத சைவத்தின் குருவான இலகுலீசரின் சிற்பம், தமிழ்நாட்டில் அபூர்வமாகவே பார்க்கக் கிடைப்பது. ஆனால் நான் அங்கே போவது வானத்தைப் பார்க்க. லகடு வல்லூறு, ராசாளிக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. கண்மாய்க் கரையில் மரத்தடியில் உட்கார்ந்து பாறை முகட்டையே பார்த்துக்கொண்டிருங்கள், அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் மாடப்புறாக் கூட்டம் ஒன்று திடீரென்று சிதறும், அப்போது மேலே பாருங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை. தை, மாசி வல்லூறு கூடு வைக்கிற காலம் என்பதால் பாறை விளிம்பில் ஏறிக் கத்துவதும், டிரோன் பறக்க விடுவதும் கூடவே கூடாது. ஊருக்குள் மாட்டுப் பொங்கல் நடந்துகொண்டிருக்கும், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெரியவர் யாரிடமாவது "அண்ணே, கண்மாய்ப் பக்கம் போகலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் வழி சொல்வதோடு நிற்க மாட்டார்கள், கையில் ஒரு கரும்பையும் கொடுத்துவிடுவார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உங்கள் பக்கத்துக் கண்மாய்க்கே போகலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வருகிற லீவு இது, வருஷத்தில் கண்மாய் நிறைந்திருக்கிற நேரமே இதுதான். முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் கரையிலிருந்தே தெரியும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கோடையில் மண் அள்ளிய குழி ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், தண்ணீர் நின்றால் மேலே சமமாகத் தெரியும், நீச்சல் தெரிந்தவர்களுக்கே அங்கே கால் தப்பும். கரையில் நடந்தால் போதும்.

சாப்பாடு. லீவு நாளில் வழியில் கிடைக்கும் என்று கிளம்பினால் டீக்கடைகூடப் பாதி மூடியிருக்கும். புளியோதரையை முந்தின நாள் ராத்திரியே கிளறி வைத்துவிட்டால் காலையில் ருசி ஏறியிருக்கும். வாழை இலையை அடுப்புத் தணலில் லேசாக வாட்டி, பளபளவென்று நிறம் மாறியதும் எடுத்துக் கட்டுங்கள், இலை கிழியாது, பிரிக்கும்போது வருகிற வாசனைக்கே பசி எடுக்கும். தயிர்சாதத்துக்குக் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி விட்டால் போதும், மத்தியானம் வரை புளிக்காது. சுக்குக் காபி பிளாஸ்க்கில். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு காலி சாக்குப் பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், கரும்புச் சக்கை முதல் தட்டு, டம்ளர் வரை எல்லாம் அதில் திரும்பி வர வேண்டும். காணும் பொங்கலுக்கு மறுநாள் அந்தத் தாமரைக் குளக்கரையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டில் நம்முடையதோடு சேர்த்து அங்கே கிடக்கிற பாட்டிலில் பத்தையாவது பொறுக்கி வருவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

வயசானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மலை ஏற முடியாத என் அம்மாவுக்கு மூன்றாம் நாள் காலை வண்டியூர் தெப்பக்குளம். சாயங்காலம் அங்கே பஜ்ஜிக் கடையும் வண்டியும் நெருக்கியடிக்கும், கால் வைக்க முடியாது. காலை ஆறு மணிக்கு நடைக்கு வருகிறவர்கள் மட்டும்தான். படியில் ஒரு துண்டை விரித்து உட்கார வைத்து, பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் குளத்தை ஒரு சுற்று நடந்து வருவோம். திரும்பி வரும்போது அம்மா பக்கத்துப் படியில் இருந்த யாரோ ஒரு அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள், காபியில் பாதி அந்த அக்காவுக்குப் போயிருக்கும்.